ஃபார்மட்டுக்குத் தலையசைக்கும் முன்

கணினி திறக்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதலில் காதில் விழும் சொல் ‘ஃபார்மட்’, அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கும் சேரப்பணஞ்சேரி மாதிரியான ஊர்களில் இந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் விலை அதிகம். ஷிஃப்ட் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் டிப்ளமோ பிள்ளைகள் சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கி, அதில்தான் சான்றிதழ்களையும் வரைபடங்களையும் வைத்திருப்பார்கள். சிறு பட்டறைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் ஒரே கணினியில் கிடக்கும். இவர்களில் பலரிடம் இரண்டாவது நகல் கிடையாது. ஃபார்மட் என்றதும் வேறு வழியில்லை என்று நம்பித் தலையசைக்கிறார்கள்.

வேறு வழி இருந்தும் அழிக்கப்படும் கணினிகளில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டிஸ்க் நன்றாக இருக்கும், விண்டோஸும் கெட்டிருக்காது. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பில் ஒரே ஒரு வரி மாறியிருக்கும்.

தாய்ப்பலகைக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டிக்கும் நடுவே ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்ற பகுதி இருக்கிறது. பழைய ஐடிஇ, இன்டெல் 2004-ல் விவரக்குறிப்பு வெளியிட்ட ஏஹெச்சிஐ, பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு என்று அது பல முறைகளில் இயங்கக்கூடியது. எந்த முறை என்பதை பயாஸில் தேர்ந்தெடுக்கிறோம். விண்டோஸ் நிறுவப்படும்போது அந்த நேரத்து முறையோடு பேசும் மென்பொருளான டிரைவரை மட்டும் ‘தொடக்கத்திலேயே தேவை’ என்று குறித்துக்கொள்கிறது, மற்றவற்றைத் தூங்க வைத்துவிடுகிறது. பிற்பாடு யாராவது முறையை மாற்றினால், எழுப்பிவிட வேண்டிய டிரைவர் எழுவதில்லை. இப்படி நினைத்துப் பாருங்கள்: கம்பெனி பஸ் வழக்கமான ஸ்டாப்பில் வந்து நிற்கிறது. ஆட்களெல்லாம் அன்று அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறார்கள். ஒருவரும் தொலைந்துபோகவில்லை, பஸ்ஸுக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை.

அப்போது திரையில் வருவது ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற வாசகம். பழைய விண்டோஸில் 7பி என்று முடியும் பிழை எண்ணாக வரும். நீலத் திரையாக நாம் அறிந்த இது, 2025 முதல் விண்டோஸ் 11-ல் கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது. இதைப் பார்த்ததும் ‘டிஸ்க் போச்சு’ என்று சொல்வது அவசரம். ஏனென்றால், அந்தத் திரையை வரைந்தது விண்டோஸ். விண்டோஸ் அங்கே வந்தது அதே டிஸ்க்கிலிருந்து. தொடக்கக் கட்டத்தில் பயாஸின் உதவியோடு டிஸ்க்கைப் படித்து மேலே வந்த விண்டோஸ், பயாஸை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவரால் படிக்க முயலும் நொடியில்தான் தடுக்கி விழுகிறது. டிஸ்க் செத்திருந்தால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற வெள்ளை எழுத்தோடு கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும். இதே பிழை, டிஸ்க் கெடத் தொடங்கும்போதும் விண்டோஸ் அப்டேட் பாதியில் சிதைந்தாலும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயாஸில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முறை மாற்றத்தைத்தான்.

‘நான் எதையும் மாற்றவில்லையே’ என்பவர்களும் இதில் மாட்டுகிறார்கள். தாய்ப்பலகையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோன மேசைக் கணினியில் மின்சாரம் போய் வந்தால், பயாஸ் ஆலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். தேதியும் நேரமும் பல ஆண்டு பின்னால் போயிருந்தால் அதுதான் அடையாளம். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி நடக்கலாம். தாய்ப்பலகையை மாற்றினாலும் நடக்கும், புதுப் பலகை தனக்கென ஒரு முறையோடு வருவதால். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துச் சிறு பட்டறைகளும் எடைமேடைகளும் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் இன்னும் ஓடும் இயந்திரக் கணினிகளை நம்பித்தான் பல இடங்களில் வேலை நடக்கிறது. எக்ஸ்பியிடம் ஏஹெச்சிஐ டிரைவர் பிறவியிலேயே கிடையாது. போர்டு மாற்றிய பின் அந்தக் கணினி எழவில்லை என்றால், பயாஸில் பழைய ஐடிஇ முறையை வைத்துப் பார்ப்பதற்கு முன் எதையும் அழிக்க விடாதீர்கள். அந்த மென்பொருளை மறுபடி நிறுவித் தர, இயந்திரம் விற்ற நிறுவனமே இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

வேண்டுமென்றே முறையை மாற்ற வேண்டிய தேவை வருவது பெரும்பாலும் மாணவர்களுக்கு. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் ஆலை நடத்தும் டெல் நிறுவனத்தின் மடிக்கணினிகளில் பல, பயாஸில் ‘ரெய்டு ஆன்’ என்ற அமைப்போடுதான் வருகின்றன. உள்ளே ஒரே டிஸ்க்தான் இருக்கும். ஆனாலும் அது இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி வழியாகப் பேசுகிறது. விண்டோஸுக்கு இதில் தொல்லையில்லை. பக்கத்தில் உபுண்டு லினக்ஸ் போடப் போனால், இந்த அமைப்பை நிறுத்திவிட்டு வா என்று சொல்லி நிறுவல் நின்றுவிடும். மாணவர் பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றுகிறார். உபுண்டு ஏறிவிடும், ஆனால் விண்டோஸ் எழாது. 2020-க்குப் பிறகு வந்த இன்டெல் 11-ம் தலைமுறைக் கணினிகளில் விஎம்டி என்று இன்னொரு அடுக்கும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடும்போது டிஸ்க்கே பட்டியலில் தெரியாமல் போவது அதனால்தான். அங்கே செய்ய வேண்டியது இன்டெல் டிரைவரைப் பென் டிரைவில் ஏற்றிக் காட்டுவது. டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை.

தற்செயலாக மாறியிருந்தால் தீர்வு எளிது. பயாஸில் நுழைந்து, சாட்டா ஆபரேஷன் அல்லது ஸ்டோரேஜ் என்ற பகுதியில், முன்பிருந்த முறையைத் திரும்ப வைத்து, சேமித்து வெளியேறுங்கள். டெல்லில் நுழைவதற்கு எஃப்2. மற்ற நிறுவனங்களில் விசை வேறுபடும். முன்பு எது இருந்தது என்று தெரியாவிட்டால், இருக்கும் இரண்டு மூன்று தேர்வுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். ஒற்றை டிஸ்க் கணினியில் முறையை மாற்றுவதே கோப்புகளை அழித்துவிடுவதில்லை. நடுவில் ‘ரிப்பேர் செய்யவா’, ‘ரீசெட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் உடன்படக் கூடாது. இரண்டு டிஸ்க்குகளை உண்மையிலேயே ரெய்டாகக் கட்டியிருந்தாலோ, டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெல்லின் ஆப்டேன் மெமரி சேர்ந்திருந்தாலோ இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது. அங்கே தரவு துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கலாம், அனுபவமுள்ளவர் கை தேவை.

வேண்டுமென்றே மாற்றுபவர்களுக்கு விண்டோஸ் 10, 11-ல் ஒரு பத்திரமான வழி இருக்கிறது. கணினி நன்றாக ஓடும்போதே முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ என்ற கருவியைத் தேடித் திறந்து, பூட் என்ற தாவலில் ‘சேஃப் பூட்’ பெட்டியில் குறி இடுங்கள். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்குள் பயாஸில் நுழைந்து முறையை மாற்றுங்கள். சேஃப் மோடில் எழும் விண்டோஸ், தூங்கிக்கொண்டிருந்த டிரைவரையும் எழுப்பிப் புதிய முறையோடு இணைத்துக்கொள்ளும். அதன் பின் அந்தக் குறியை எடுத்துவிட்டு மீண்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். சேஃப் மோடில் வழக்கமான பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அதனால் கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் கவலை தருவது, டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கப்படும் கணினிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. பயாஸ் அமைப்பில் கை வைத்ததும், யாரோ திருட முயல்கிறார்கள் என்று நினைத்துக் கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால், தாய்ப்பலகையை மாற்றினாலும் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலும், எந்த நிபுணராலும் உள்ளே போக முடியாது. பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் அது தானே விழித்துக்கொள்ளலாம். ஆகவே இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியிலிருந்து அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் மடிக்கணினிப் பைக்குள் இருக்கக் கூடாது. பழைய கணினி வாங்குகிறவர்கள், அது முந்தைய உரிமையாளரின் கணக்கில் பூட்டியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி உரிமை பற்றி. சர்வீஸ் கடைக்காரர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல. சில நூறு ரூபாய்க்கு ஒரு கணினியோடு அரை நாள் போராடுவதைவிட ஃபார்மட் செய்வது அவர்களுக்கு எளிது. அதற்காக நம் கோப்புகளை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாடு என்பதற்குள் இழப்பு உண்டாக்கும் கவனக்குறைவையும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. ரசீது தர மறுப்பதும், நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறரிடம் காட்டுவதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். கணினியை உள்ளே கொடுக்கும்போது நம் புகைப்படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் சேர்ந்தே போகின்றன என்பதால், இந்தக் கடைசி அம்சம் குறிப்பாகப் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுக்கும்போதே ஜாப் ஷீட் எனப்படும் வேலைச் சீட்டைக் கேளுங்கள். அதில் ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அதே வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கணினியைக் கொடுங்கள். ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று பல கடைகளின் ரசீதில் அச்சிட்டிருக்கும். அந்த வரி இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். சொன்னதை மீறி அழித்திருந்தால் அது வேறு விவகாரம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை மாநில நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கவும் 2019 சட்டம் இடம் தருகிறது. ஆனால் நிறுவன வாரண்டியை நம்பி இருந்துவிடாதீர்கள். அது பொதுவாகப் பாகங்களுக்குத்தான். உள்ளே இருந்த கோப்புகளுக்கு அல்ல.

கேட்காமல் ஃபார்மட் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்தக் கணினியை அந்த நொடியே அணைத்துவிடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மேலே புதிதாக எழுதப்படாத பகுதிகளை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வசதி அழிக்கப்பட்ட இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும் என்பதால் வாய்ப்பு குறைவு.

புகாருக்கு முதல் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை செய்யும் மாவட்டத்திலோ புகார் கொடுக்கலாம். திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் இதற்காக ஊருக்கு ஓட வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் இருந்த இடத்திலிருந்தே பதியலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியதை இந்தச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் தன் உழைப்பால் தானே பிழைக்க ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோராகவே கருதப்படுவார் என்பதால், ஒற்றை லேத் வைத்திருப்பவர் ‘நமக்கு இது கிடையாது’ என்று தானே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-ம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலுள்ள தகவலை அழிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. இதை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பில் இருந்த அதிகாரி, இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். விவகாரம் வேறு என்றாலும், இந்தச் சட்டத்தின் கதவைத் தட்டினால் திறக்கும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை ஜாப் ஷீட், பணம் கொடுத்ததற்கான யுபிஐ பதிவு, கடையோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், பிழைத் திரையின் புகைப்படம் ஆகியவற்றை அந்தக் கணினியில் வைக்காமல், கைபேசியிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.