சூரியன் எழாத இரண்டு மாதங்கள்

பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் பதனிட்ட தோல்கள் அக்கினி நட்சத்திர வெயிலில் உலருகின்ற மே மாதத்தின் பிற்பகுதியில், அண்டார்க்டிகாவின் ஷிர்மாக்கர் பாறைவெளியில் 1989 முதல் நிற்கும் இந்திய ஆராய்ச்சி நிலையமாகிய மைத்ரியில் அஸ்தமிக்கின்ற சூரியன், ஜூலைப் பிற்பகுதிவரை மீண்டும் உதயமாவதில்லை.

நம்மவர் அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுவதும் முதன்முதலாகத் தங்கியது 1984இல், தட்சிண கங்கோத்ரி நிலையத்தில். ராணுவ அதிகாரி சத்ய எஸ். சர்மாவின் தலைமையில் இருந்த 12 பேரின் மனத்திண்மையை எவ்வளவு போற்றினாலும் தகும். பனித்தட்டின்மேல் எழுந்த அந்நிலையம் நாளடைவில் பனியில் புதையுண்டு, 1990இல் கைவிடப்பட்டது.

குளிர்காலத்தில் கப்பல் வராது. கோடையில் இறக்கிய அரிசியும் பருப்பும் எரிபொருளுமே ஆதாரம். மைத்ரியின் குடிநீரோ, மேலே உறைந்தும் அடியில் திரவமாகவே இருக்கும் பிரியதர்சினி ஏரியிலிருந்து வருகிறது. மருத்துவர், சமையற்காரர், இயந்திரப் பணியாளர் ஆகியோர் இன்றி அங்கே விஞ்ஞானம் ஒரு நாளும் நடவாது.

பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நுட்பமான கருவியின் அருகே இரும்பு வரலாகாது. ஆம்பூர்த் தோலில் தைத்த இடுப்புவாரானாலும், அதன் இரும்புக் கொக்கியைக் கழற்றி வைத்தே அணுக வேண்டும். ஓஸோன் படலத்தை ஆராயும் கருவிகளோ பலூனில் கட்டப்பட்டு ஆகாயத்தில் ஏறுகின்றன.

மைத்ரியில் காந்த ஆய்வை நடத்தும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமே, நம் திருநெல்வேலியிலும் ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தி, வளிமண்டல மின்சாரத்தை இரு இடங்களிலும் அளந்து ஒப்பிட்டிருக்கிறது.