பாண்டியன் வீழ்ந்ததும் எரியும் அடுப்பு

மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த முதல் மாசியில், ஆற்றுக்கால் பொங்காலைக்கு அடுத்த வீட்டு அக்கா என்னை அழைத்தார். மாமியாரிடம் கேட்டேன். "நம்ம ஊரை எரிச்சவளுக்கா பொங்கல் வைக்கப்போறே?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி சேரநாடு செல்லும் வழியில் இங்கே தங்கினாள் என்பது கோயில் ஐதிகம். விழா நாட்களில் அவள் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில், தன் தீர்ப்பு பிழையென்று அறிந்த பாண்டியன் தானே உயிர்விடுகிறான். இங்கோ கண்ணகியே அவனைக் கொல்கிறாள்! ஒன்பதாம் நாள் அந்தப் பகுதி பாடி முடிந்த பிறகுதான் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டுவார்கள். அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித் தெருத்தெருவாகப் பரவும். பெண்கள் குரவையிடுவார்கள், நம் குலவையேதான். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு.

மூன்றாம் வருடம் அரைமனதோடு என்னை அனுப்பினார் மாமியார். மூன்று செங்கல், புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய். அக்கா வயணை இலையில் மாவடைத்துத் தெரளியப்பம் அவித்தார். தலைவலி தீர மண்டைப்புட்டும் படைப்பதுண்டு. பாசிப்பயற்று மாவும் வெல்லமும் சேர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அதை மட்டும் மாமியார் பேசாமல் சாப்பிட்டார். அவருக்குத் தீராத தலைவலி!

2021-இல் கொரோனாவால் அவரவர் வீட்டில்தான் பொங்காலை. அன்று காலை, செங்கல் எங்கே என்று கேட்டவர் மாமியார். பானை பொங்கி வழிந்ததும் தனியாக ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு கரண்டி எடுத்து வைத்தார்.

"இது யாருக்கு அத்தை?"

"பாண்டியனுக்கு" என்றார்.