கியர் பெட்டிக்கு ஒரு கவசம்

கவணைச் சுழற்றிப் பிடியை விட்டால், கல் வட்டப் பாதையை விட்டு நேர்க்கோட்டில் பாயும் அல்லவா? பந்தயக் காரின் கியர் பெட்டியிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது.

'டிராக்' பந்தயம் என்பது வழக்கமாகக் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் நேர்ப்பாதையில் நடக்கும் வேகப் போட்டி. அக்கால வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்கும்; கியர் பெட்டியோ ஓட்டுநரின் கால்களுக்கிடையே இருக்கும். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவில், புறப்பட்ட கணத்திலேயே டான் கார்லிட்ஸ் என்ற வீரரின் கியர் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாயிற்று.

இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? சுழல்வேகம் 2 மடங்கானால் சுழலும் பொருளின் ஆற்றல் 4 மடங்காகும். வேகம் 3 மடங்கானால் ஆற்றல் 9 மடங்கு! உலோகம் தாங்காமல் உடைந்தால், அந்த ஆற்றலுடன் துண்டுகள் பறக்கின்றன.

ஆகவேதான் இன்று அதிவேகப் பந்தயக் கார்களில் கியர் பெட்டிக்குக் கவசம் கட்டாயம். அது உலோக உறையாக இருக்கலாம். கெவ்லார் போன்ற வலிய இழைகளாலான பல அடுக்குப் போர்வையாகவும் இருக்கலாம். துணி உலோகத்தைத் தடுக்குமா என்று வியக்கிறீர்களா? வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னிழுத்துப் பிடிக்கிறோமே, அதைப்போல இழைகள் இழுபட்டுத் துண்டின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன.

கார்லிட்ஸ் பின்னர் எஞ்சினையும் கியர் பெட்டியையும் தம் முதுகுக்குப் பின்னால் அமைத்து, 1971இல் வெற்றியும் கண்டார். கவசம் ஒரு காப்பு என்றால், ஆபத்தின் பாதையில் அமராதிருப்பது மற்றொரு காப்பு!