யெட்வாப்னே: மாற்றி நடப்பட்ட கல்

1941 ஜூலை 10 அன்று, வடகிழக்குப் போலந்தின் இந்தச் சிற்றூரில் வாழ்ந்த யூதர்களைச் சந்தைத் திடலில் திரட்டி அடித்தார்கள். சிலரை லெனின் சிலையை உடைக்கச் சொல்லி, சுமக்க வைத்து, பிறகு கொன்றார்கள். மற்றவர்களைக் குழந்தை குட்டிகளோடு ஒரு தானியக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தார்கள். ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. ஆனால் செய்தவர்கள் உள்ளூர்ப் போலந்துக்காரர்கள்.

1949இலேயே நீதிமன்றம் உள்ளூர்க்காரர் சிலரைத் தண்டித்திருந்தது. அப்படியிருந்தும், 1960களில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் நடப்பட்ட கல், 1,600 யூதர்களை எரித்தது கெஸ்டபோவும் நாஜிக் காவல்படையும்தான் என்றது. தெரிந்தே எழுதிய பொய் அது.

கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகும் அந்தக் கல் பத்தாண்டுக்கு மேல் நின்றது. 2000இல் இந்தப் படுகொலை பற்றி வரலாற்றாசிரியர் யான் கிராஸ் எழுதிய நூல் நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டு கல் அகற்றப்பட்டது. அந்த ஆண்டின் ஜூலை 10 அன்று குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் க்வாஷ்னியெவ்ஸ்கி இங்கே மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

அந்த ஆண்டு இங்கே தோண்டியபோது கருகிய எலும்புகளோடு வீட்டுச் சாவிகளும் லெனின் சிலைத் துண்டுகளும் கிடைத்தன. இறந்தோரைக் கலைக்கக் கூடாது என்ற யூத சமய நெறிக்கு மதிப்பளித்து, அகழ்வு பாதியில் நிறுத்தப்பட்டது. கொல்லப்பட்டோர் குறைந்தது 340 பேர் என்பது அரசு விசாரணையின் கணக்கு.

பழையதற்குப் பதிலாக நடப்பட்ட புதிய கல்லின் நடுவே கருகிய மரப்பலகை பதிந்திருக்கிறது. எபிரேயம், போலிஷ், இத்திஷ் மொழிகளில் வாசகம் உண்டு. கொன்றவர் யார் என்பது மட்டும் இல்லை. அது பெருங்குறை. 2011இல் இந்தக் கல்லின் மீது சிலர் ஸ்வஸ்திகா வரைந்தார்கள்.