பிரிக்காத பொம்மை

குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தால் அது என்ன செய்யும்? முதல் நாள் மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கும். இரண்டாம் நாள் கையைத் திருகிப் பார்க்கும். மூன்றாம் நாள் தலை வேறு, உடல் வேறு ஆகிவிடும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், வாங்கிய பொம்மையை உறையிலிருந்து எடுக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். அமெரிக்கா தேசத்தில் இது ஒரு பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த விந்தையின் மூலத்தை அறிய 1977-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும். அவ்வருஷம் மே மாதத்தில் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் சினிமாப் படம் வெளியாயிற்று. நட்சத்திர மண்டலங்களுக்கிடையே நடக்கும் யுத்தந்தான் கதை. ஒஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரிலிருந்த கென்னர் கம்பெனியார், அப்படத்துப் பாத்திரங்களைப் பொம்மைகளாகச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். படம் அவ்வளவு பிரமாதமாக வெற்றி பெறும் என்று அவர்கள் கனவிலும் கருதவில்லை. கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கிவிட்டது. குழந்தைகள் பொம்மை கேட்டு அழுதார்கள். கடையிலோ பொம்மை இல்லை!

கம்பெனியார் ஒரு யுக்தி செய்தார்கள். பொம்மை இல்லாத வெறும் உறையை விற்றார்கள். அதற்குள் ஓர் அட்டைப் படமும் ஒரு சீட்டும் இருந்தன. சீட்டைத் தபாலில் அனுப்பினால், 1978-இல் நாலு பொம்மைகள் வீடு தேடி வரும் என்பது ஏற்பாடு. லூக் என்ற வாலிபன், லேயா என்ற இளவரசி, உடலெல்லாம் ரோமம் அடர்ந்த சூபாக்கா, பீப்பாய் போன்ற ஆர்-டூ டீ-டூ என்ற யந்திரம் ஆகிய நால்வரே அவர்கள். பண்டிகையன்று காகிதத்தைப் பெற்றுக்கொண்டு, மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற அந்தக் குழந்தைகளுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்கள் பொம்மையை மறந்தாலும் அந்தக் காத்திருப்பை மறப்பார்களா?

பொம்மையின் அளவிலும் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மை ஏறக்குறைய ஓர் அடி உயரம். கென்னர் பொம்மைகளோ பெரும்பாலும் நாலு அங்குலத்துக்கும் குறைவு. பொம்மை சிறியதாயிருந்தபடியால், அது ஏறி உட்காரத்தக்க ஆகாயக் கப்பல்களையும் அதற்கேற்ற அளவில் செய்ய முடிந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போகலாம்! 1978-ஆம் வருஷத்தில் மட்டும் கென்னர் கம்பெனியார் இந்தப் படத்தைச் சார்ந்த சாமான்களில் நாலு கோடிக்கு மேல் விற்றார்கள். 1985-இல் அந்த வரிசை நின்றது. குழந்தைகள் பெரியவர்களானார்கள், பொம்மைகள் பரணுக்கும் குப்பைக்கும் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவற்றைத் தேடி, அந்தக் குழந்தைகளே பிற்காலத்தில் பணப்பையுடன் புறப்பட்டார்கள்.

இங்கேதான் விசித்திரம் ஆரம்பமாகிறது. ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்தின் பொம்மைக்கு முதலில் வைனல் என்னும் மெல்லிய பிளாஸ்டிக்கில் அங்கி போட்டிருந்தார்கள். அது மலிவாகத் தோன்றியதால் விரைவிலேயே துணி அங்கியாக மாற்றினார்கள். மலிவென்று கழித்த அந்த அங்கிக்குத்தான் இன்று பெருமதிப்பு! அதைப் போலவே போலி அங்கி செய்து ஏமாற்றுகிறவர்களும் தோன்றிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய கதை போபா ஃபெட் என்ற கூலி வீரனுடையது. முதுகிலிருந்து சிறு ராக்கெட் பாயும்படி அந்தப் பொம்மையைச் செய்து, நாலு பொம்மைகள் வாங்கிய அத்தாட்சியை அனுப்பும் குழந்தைகளுக்கு இலவசமாகத் தருவதாகக் கென்னர் கம்பெனியார் விளம்பரம் செய்தார்கள். அந்தச் சமயத்தில், வேறொரு கம்பெனி செய்த ஆகாயக் கப்பல் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் அடைத்து, நாலு வயதுப் பாலகன் ஒருவன் உயிரிழந்தான். கென்னர் கம்பெனியார் தங்கள் ராக்கெட்டைப் பாயாதபடி பொருத்தி, 1979-இல் பொம்மையை அனுப்பி வைத்தார்கள். ராக்கெட் பாயும் பொம்மை எந்தக் குழந்தையின் கைக்கும் போகவில்லை. மாதிரிக்காகச் செய்த சில மட்டுமே தப்பி நின்றன. அவற்றில் ஒன்று 2024-இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போயிற்று!

சற்று யோசித்துப் பாருங்கள். உலகத்திலே மிக அதிக விலைபோன பொம்மைகளில் ஒன்று, ஒரு குழந்தையும் விளையாடாத பொம்மை. பிரிக்காத உறைக்கு ஒரு விலை. பிரித்த பொம்மைக்கு அதில் சிறு பங்கு. துப்பாக்கி தொலைந்து, கால் ஆடி, வர்ணம் உரிந்த பொம்மைக்கோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அன்பு எவ்வளவு பட்டதோ அவ்வளவுக்கு விலை குறைகிறது. இது சந்தையின் நியாயம்.

மனத்தின் நியாயம் வேறு. பழைய பொம்மைகள் சிலவற்றின் உள்ளங்காலில் மசியால் எழுதிய இரண்டொரு எழுத்துக்கள் காணப்படுகின்றன. பக்கத்து வீட்டுப் பையனுடைய பொம்மையோடு கலந்துவிடாமலிருக்க, குழந்தையோ அதன் தாயோ பொறித்து வைத்த பெயரின் முதல் எழுத்துக்கள் அவை. விலை மதிப்பிடுகிறவர்கள் அதைக் குறை என்று கணக்கிடுகிறார்கள். ஆனால், தாயை இழந்த ஒருவர் பழைய பெட்டியைக் கிளறும்போது அப்படி ஒரு பொம்மை அகப்பட்டால், அந்தக் கையெழுத்தை அவர் எந்த டாலருக்குக் கொடுப்பார்?

நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள பொம்மைகளின் கீர்த்தி மண்டபத்தில், 2012-இல் இந்த ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கும் இடம் அளித்தார்கள். அந்தக் கௌரவத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவை பூட்டி வைத்த பொம்மைகள் அல்ல. மண்ணில் புதைந்து, மழையில் நனைந்து, கையொடிந்து போன பொம்மைகள்தாம். ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தை புதுப் பொம்மையின் உறையை ஆவலோடு கிழிக்கும்போது, "பத்திரம், பத்திரம்!" என்று தடுக்காதீர்கள். கிழிக்கட்டும். பிற்காலத்தில் அது தேடப்போவது அந்த நிமிஷத்தைத்தான்.