தானாக ‘டச்’ ஆகும் வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் எந்த மேம்பாலத்துக்கு அடியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உணவு டெலிவரி செய்யும் இளைஞர்கள் நான்கைந்து பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் செல்போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வரைபடம் தானாகப் பெரிதாகும், சிறிதாகும். விரல் படாத பொத்தான் வேலை செய்யும், விரலால் அழுத்தினால் அசையாது. ‘தானா டச் ஆகுதுண்ணே’ என்று கடையில் நீட்டினால், ‘காம்போ மாத்தணும் தம்பி’ என்ற பதில் உடனே வரும். டிஸ்ப்ளேயும் டச்சும் ஒட்டியே வருவதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் அந்த ‘காம்போ’. நடுத்தர விலை போனுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் செலவு அது. ஆனால் திரையில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இத்தனை கூத்தும் நடக்கக்கூடும்.

இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை அறிவதில்லை, மின்னூட்டத்தை அறிகின்றன. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கியதும் அந்த இடத்தில் மின்தேக்குத் திறன் மிகச் சிறிய அளவில் மாறும். அதை வைத்தே விரல் இருக்கும் இடத்தைத் திரை கணக்கிடுகிறது. இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ரேடார் ஆய்வுக்கூடத்தில் இ.ஏ. ஜான்சன் என்பவர் 1965-ல் முன்வைத்த யோசனை இது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்காக உருவானது. கூரைக்குக் கீழே, உலர்ந்த மேசையில் இருக்க வேண்டிய பொருளைத்தான் நாம் மழையிலும் புழுதியிலும் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மழைத்துளி விழுந்தாலும் விரல் பட்டதாகத் திரை நினைத்துக்கொள்கிறது. இங்கே பலர் ஏமாறுவது ‘ஐபி67’ என்ற முத்திரையைப் பார்த்து. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கருவிக்குள் நீர் புகாது என்பது மட்டுமே அது தரும் உறுதி. கண்ணாடியின் மேல் தண்ணீர் நிற்கும்போது டச் சரியாக வேலை செய்யும் என்று அந்த முத்திரை எங்கும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டாலும் முழுத் தீர்வு கிடைப்பதில்லை. உறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் வியர்த்துவிட்டால், வெளியே எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

அதிகம் சந்தேகிக்கப்படாத குற்றவாளி சார்ஜர். பைக் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டையும் தாண்டும். போனுக்குச் சாதாரணமாகத் தேவைப்படுவது 5 வோல்ட். இடையில் மாற்றிக் கொடுக்கும் யுஎஸ்பி சாக்கெட் மலிவானதாக இருந்தால், மின்னோட்டத்தோடு இரைச்சலும் சேர்ந்து போனுக்குள் நுழையும். நுண்ணிய மின் மாற்றத்தை அளந்து வாழும் திரைக்கு அந்த இரைச்சலே பத்து விரல்கள் ஒன்றாகத் தொட்டதுபோல் தெரியும். கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை: ஒயரைக் கழற்றுங்கள். திரை உடனே அடங்கினால் மாற்ற வேண்டியது சாக்கெட்டையே. நல்ல தரமானதாக வாங்கி, நடுவில் ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து மாட்டச் சொல்லுங்கள்.

வெயில் இன்னொரு வகை. ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. சித்திரை மாத வேலூரில் அது காலை காபிக்குள்ளேயே தாண்டிவிடும். சூடேறினால் போன் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் எச்சரிக்கை காட்டி முடங்கும். நிழலில் வைத்தால் மீண்டுவிடும். ஆனால் திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் விஷயம் வேறு. உள்ளே பேட்டரி உப்பி, கண்ணாடியை அடியிலிருந்து தள்ளுகிறது. அதற்கு மேல் அந்தப் போனைச் சார்ஜ் போடுவது ஆபத்து.

சரி, பழுது உண்மையில் திரையில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆண்ட்ராய்டு போனில் ‘அபௌட் போன்’ பகுதிக்குப் போய் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘பாயிண்டர் லொகேஷன்’ என்பதை இயக்கினால், திரை எங்கெல்லாம் தொடுகையை உணர்கிறதோ அங்கெல்லாம் கோடு வரையும். கவர், ஸ்க்ரீன் கார்டு, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணாடியை உலரத் துடைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரே பட்டையில், ஒரே இடத்தில் கோடு விழுந்துகொண்டே இருந்தால் காம்போ போனது உறுதி. கடைக்காரரிடம் அதைக் காட்டியே பேசலாம். போன் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால், அதற்கும் திரையைத் திட்ட வேண்டாம். ஹோல்டரின் பிடி பவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதிர்வையும் விட்டுவிட முடியாது. பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு ஐபோன் கேமராவின் நுண்பாகங்களைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. ஸ்கூட்டரில் மாட்டுவோரும் அதிர்வைத் தாங்கும் ஹோல்டர் போடுவது நல்லது என்றது.

பழைய தனி ஜிபிஎஸ் கருவிகளின் கதை சற்று வேறு. அவற்றில் பலவற்றில் இருந்தது அழுத்தினால் வேலை செய்யும் திரை. மெல்லிய இடைவெளி விட்ட இரண்டு படலங்கள், அழுத்திய இடத்தில் ஒன்றையொன்று தொடும். கையுறை போட்டாலும் பிரச்சினையில்லை, மழைத்துளிக்கும் அசையாது. அதன் நோய் இரண்டு. ஒன்று, நாளடைவில் தொட்ட இடம் ஒன்றும் வேலை செய்யும் இடம் ஒன்றுமாக விலகிப்போவது. அமைப்புகளில் ‘காலிப்ரேஷன்’ செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று, சட்டகத்தின் விளிம்பில் மண் சேர்ந்து படலத்தை அழுத்திக்கொண்டே இருப்பது. அதற்கு மெல்லிய அட்டையின் ஓரத்தை இடுக்கில் மெதுவாக ஓட்டினால் போதும்.

நடுவழியில் டச் முழுவதுமாகச் செத்துவிட்டால்? ஓடிஜி இணைப்பானில் கணினி மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி தோன்றும். அதை வைத்துச் சேருமிடத்தைப் போட்டு, குரல் வழிகாட்டலை இயக்கிவிட்டுக் கிளம்பலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஏற்காடு அடிவாரத்தில் இருட்டிய பிறகு சிரிப்பு வராது.

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைக் குத்தினால், வண்டி 33 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். அடம்பிடிக்கும் திரையோடு மல்லுக்கட்டுபவருக்கு இரண்டு வினாடி போதவும் போதாது.

வண்டி தயாரிப்பாளர்களில் சிலர் இதை உணர்ந்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ பைக்குகளில் கார்மின் செய்து தந்த நேவிகேட்டர் கருவியை, இடது கைப்பிடியில் உள்ள சுழல்வளையத்தாலேயே இயக்க முடிந்தது. 2023-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் வட்டத் திரையில் கூகுள் மேப்ஸ் தெரியும், ஆனால் இயக்குவது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள ஜாய்ஸ்டிக். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரோ 7 அங்குலத் தொடுதிரையோடு வருகிறது. மழையும் புழுதியும் உள்ள ஊருக்கு ஜாய்ஸ்டிக்கே மேல். அடுத்த வண்டி பார்க்க ஷோரூம் போகும்போது திரை எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கையுறை மாட்டிக்கொண்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.