“நடிக்கிறான்” என்று ஒரு நோய் கிடையாது

வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து எங்கள் ஓ.பி.க்கு அழைத்து வரப்படும் பையன்களில் முதல் நாளே வருபவன் அபூர்வம். சொறி உடம்பெல்லாம் பரவிச் சீழ் கோத்த பிறகு வருவான். பல்வலி தாடை வீக்கமான பிறகு வருவான். வலிப்பு வந்து விழுந்தவன் நெற்றிக் காயத்துக்குத் தையல் போட வருவான். எப்படி விழுந்தான் என்று துருவினால்தான் வலிப்பு வந்த கதை வெளியே வரும். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், கூட வந்தவர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: “நடிக்கிறான்னு நெனச்சோம் டாக்டர்.”

வெளியே இருக்கும் பையன் வயிறு வலித்தால் அம்மாவை நச்சரிப்பான், ஜி.எச்.சுக்குத் தானே நடந்து போவான். உள்ளே இருப்பவனுக்குக் கதவைத் திறக்க இன்னொருவர் மனசு வைக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வந்த 2016 மாதிரி விதிகள் இதற்காகவே, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவப் பதிவேடு இருக்க வேண்டும் என்கின்றன. அந்த 24 மணி நேரம் எதற்கு என்பது புரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் வாரம்தான் கண்டம்

இப்போது வருகிற பையன்களிடம் கஞ்சாவும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் மட்டும் இல்லை. டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளையும் நைட்ரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளையும் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள். சிலர் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரே ஊசி நாலு கை மாறுகிறது. எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் அந்த வழியாகவும் பரவுகின்றன.

பிடிபட்ட நிமிடத்தில் போதை நின்றுவிடுகிறது. உடம்பு அதைச் சும்மா விடாது. வலி மாத்திரைக்காரனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வயிற்றுப்போக்கும் உடம்பு முறிக்கும் வலியும் இருக்கும். தினமும் குடித்தவனுக்குச் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், பிறகு இல்லாத ஆளிடம் பேச ஆரம்பிப்பான். தூக்க மாத்திரையை நிறுத்தியவனுக்கு ஒரு வாரம் கழித்துக்கூட வலிப்பு வரலாம். இவற்றை முன்கூட்டியே கண்டுகொள்ளத்தான் அந்த 24 மணி நேரப் பரிசோதனை.

“ரெண்டு நாள் துடிச்சாத்தான் புத்தி வரும்” என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. புத்தி வருவதற்கு முன் உயிர் போகலாம். முறையாக மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இந்த அவஸ்தையைக் கடக்க முடியும். அதை ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டும். அலுவலக மேஜை டிராயரில் இருக்கும் மாத்திரையை வைத்துச் செய்யக் கூடாது.

கைவைத்தியமும் கட்டுக்கதைகளும்

*“வலிப்பு வந்தா கையில இரும்பைக் கொடு.”* இல்லங்களில் இதற்கு வாகாகச் சாவிக்கொத்து இருக்கிறது. பையன் விரல் இறுகி, சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும், பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. செய்ய வேண்டியது இதுதான்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இடிக்கிற பொருட்களை நகர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

*“சொறி அழுக்கால வர்றது, தேய்ச்சுக் குளிச்சா போயிடும்.”* போகாது. அது தோலுக்குள் குடையும் ஒரு நுண்ணிய பூச்சி. பக்கத்துப் பக்கத்தில் படுத்தாலே தொற்றும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பு என்று இரவில் அரிக்கும். மண்ணெண்ணெய், பினாயில், நீர் கலக்காத டெட்டால் என்று தடவி, சொறியோடு தீப்புண்ணையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

இதைவிட மோசம், மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு ஒரு கிரீம்” என்று கேட்டு வாங்குவது. அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். படர்தாமரையாக இருந்தால் உருவமே மாறிப்போகும். பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். முக்கியமான விஷயம், அந்த அறையில் படுக்கும் அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவன் உட்பட, அதே இரவில் பூச வேண்டும். ஒருவனுக்கு மட்டும் பூசினால் அடுத்த வாரம் அவனே திரும்பி வருவான். துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும்; மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். ஆனால் சீழ் வைத்த சொறியோடு முகம் வீங்கி, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே அழைத்து வாருங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

*“உள்ள வந்துட்டான், பழைய மாத்திரை எதுக்கு?”* வலிப்பு மாத்திரை, இன்சுலின், காசநோய் மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர் இவற்றுக்கெல்லாம் விடுமுறை கிடையாது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் இன்சுலின் தவறினாலே ஐ.சி.யூ. வரை போகலாம்.

*“கையைக் கீறிக்கிறது சீன் போடத்தான்.”* முன்னங்கையில் வரிவரியாகப் பிளேடுத் தழும்பு உள்ளவனுக்கு உள்ளே தாங்க முடியாத ஏதோ இருக்கிறது. திட்டினால் அடுத்த கீறல் ஆழமாகும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனி அறையில் பூட்டி வைப்பது சிகிச்சை ஆகாது. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

*“ஆம்பளைப் பையனுக்கு அதெல்லாம் நடக்காது.”* நடக்கிறது. போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசனவாயில் வலி, இரவில் படுக்கையை நனைப்பது, குளியலறைக்குப் போகப் பயப்படுவது எதையும் கேலியோடு கடந்துவிடாதீர்கள்.

அடிபட்ட காயம்

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். தாக்கியதாக இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டு, இல்லங்களைச் சீர்படுத்தப் பரிந்துரை கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. மருத்துவர்களாகிய நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. வரும்போதே இருந்த காயம் எது, வந்த பிறகு ஏற்பட்டது எது என்று சட்டையைக் கழற்றிப் பார்த்து எழுதுங்கள். ஒழுங்காக எழுதிய குறிப்பு பிள்ளையையும் காக்கும், அடிக்காத ஊழியரையும் காக்கும். போலீஸ் பக்கத்தில் நிற்கிறது என்று அவசரமாகப் பாராசிட்டமால் சீட்டு எழுதி அனுப்பும் சகாக்களே, கூட வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் பேசிப் பாருங்கள்.

பரிசோதனைகள்

செய்ய வேண்டியவை: ரத்த அளவு, சர்க்கரை, சிறுநீர், சம்மதத்துடன் எச்.ஐ.வி. மற்றும் மஞ்சள் காமாலைப் பரிசோதனை. இரண்டு வார இருமல் என்றால் சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கண்காணிப்பாளர்களே, பையன் வலி என்றால் நேரத்தோடு பதிவேட்டில் எழுதி அனுப்புங்கள். நடிக்கிறானா என்று பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம். பத்துப் பேரில் ஒன்பது பேர் நடித்தாலும் பரவாயில்லை, பத்தாவது பையனை இழக்க முடியாது. சோப்பும் துண்டும் ஆளுக்கொன்று கொடுங்கள். பெண் பிள்ளைகளின் இல்லமென்றால் நாப்கினைக் கேட்டு வாங்கும் நிலையில் வைக்காதீர்கள்.

நன்னடத்தை அலுவலர்களே, பிள்ளை ஜாமீனில் போகும்போது நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்கு என்ன வழி என்பதையும் பாருங்கள். மருந்துச் சீட்டு உங்கள் கோப்பில் கிடந்தால் மாத்திரை அன்றோடு நின்றுவிடும்.

அம்மா, அப்பா, வெட்கத்தில் முதல் சில நாள் நீங்கள் வராமல் இருந்துவிடுகிறீர்கள். அந்த நாட்களில்தான் நீங்கள் தேவை. பழைய மருந்துச் சீட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, எதுவானாலும் கொண்டு வாருங்கள். என்ன போதை, எத்தனை நாளாக என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள், அது சிகிச்சைக்குத்தான். உள்ளே ஏதாவது சரியில்லை என்று பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மனநலத்துக்கு 14416 இருக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் சரி, பிள்ளை நல்ல உடம்போடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு இன்றைக்கே போய் அவனைப் பாருங்கள்.